உகாலி என்றால் களி

புனேயில் ஆப்பிரிக்கக் கன்னியாஸ்திரிகள் நால்வர் குடியிருந்த மடத்தில் நான் சமையல் செய்தேன். ரோமன் சபை இல்லை, ஆங்கிலிக்கன். தொண்ணூறுகளில் நர்ஸ் படிப்புக்காக வந்தவர்கள். மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் தோட்ட வேலை. மண்ணைக் கொத்தும்போதும் பாட்டுதான். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். சாப்பாட்டு மேசையில் மட்டும் பேச்சே கூடாது. பெரிய சிஸ்டர் மணி அடிக்கும் வரை கரண்டிச் சத்தம்தான் கேட்கும்.

என் கைச்சமையலைக் குறை சொன்னவர் கிடையாது. அப்படியிருக்க, சின்ன சிஸ்டர் மட்டும் நான் போட்ட சோற்றைக் கொறித்துவிட்டு எழுந்துபோவாள். ஆளே பாதியாகிவிட்டாள். “உடம்பு தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன்” என்று பெரிய சிஸ்டர் இந்தியில் சொல்லிவிட்டார். படிப்பு பாதியில் நின்றுபோகுமே என்று அந்தப் பெண் கண் கலங்கினாள்.

“உனக்கு இன்னாதான் வேணும், சொல்லேன்” என்றேன். கோபத்தில் தமிழ்தான் வந்தது. கையை ஆட்டிக் கேட்டதில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உகாலி, அம்மா.”

என் காதில் களி என்றே விழுந்தது. வீட்டில் சொன்னேன். தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை முடிந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உன் சோத்துக்கு எரவாடா ஜெயில் களியே மேல்னு சொல்லுதாமே அந்தப் பொண்ணு.”

“நீ போய்த் துன்னுட்டு வாய்யா” என்றேன்.

எனக்கு ரோஷம். களி என்பது வேலூர்ப் பக்கம் நாங்கள் வீட்டோடு தின்பது. சாமிக்கென்று வந்த பெண்களுக்கு அதையா வைப்பது? மறுநாள், “எந்த மாவில்?” என்று இந்தியில் கேட்டேன். தோட்டத்தில் அவர்களே நட்டிருந்த மக்காச்சோளத்தைக் காட்டினாள்.

காய்ந்த மக்காச்சோளம் வாங்கி, கிர்ணி என்று அங்கே சொல்கிற மாவு மில்லில் கொடுத்துக் கொஞ்சம் நறநறவென்று அரைத்து வந்தேன். உலை கொதித்ததும் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டினேன். வாசனைக்கு ஓடிவந்தவள் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த ஒல்லிக் கைக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ, அடுப்பே ஆடியது.

நான் நெய் தொட்டு உருண்டை பிடித்து, கீரை கடைந்து, மேசையில் வைத்தேன். சின்ன சிஸ்டர் ஒரு விள்ளல் எடுத்து உருட்டினாள். கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, கீரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் தின்கிற மாதிரியே. மற்றவர்களும் உருட்டினார்கள். யாரும் பேசவில்லை, ஆனால் ஊர்ச் சாப்பாட்டைக் கண்ட சந்தோஷத்தில் நான்கு பேருக்கும் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், பெரிய சிஸ்டர் சாப்பாட்டுக்கு நடுவிலேயே மணியை அடித்துவிட்டார்.

ஒரே கலகலப்பு. அந்தச் சந்தடியில் சின்ன சிஸ்டர் இரண்டாவது உருண்டைக்குத் தட்டை நீட்டினாள். ஊருக்கு அனுப்பும் பேச்சு அன்றோடு போயிற்று. படித்து முடித்துத்தான் கிளம்பினாள்.

அன்று மேசையில் தட்டைக் காட்டி, “உகாலி, அம்மா. உகாலி” என்றாள்.

“முன்னாடி அந்த ‘உ’ எதுக்கு? களின்னு சொல்லு.”

“உகளி” என்றாள் வாய் நிறைய.