தேங்காய் எண்ணெய் பூசிய கெமராப் பெட்டி

நேற்று குளியலறைத் தொட்டியில் என் கெமராப் பெட்டியை நாம் மூன்று பேரும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். மூத்தவர் கேட்டது, "வாப்பா, ஒவ்வொரு தடவையும் இத ஏன் தண்ணியில முக்குறோம்?" சின்னவள் கேட்டது, "கடலே இல்லாத ஊர்ல இருந்துகிட்டு ஏன் கடலப் படம் எடுக்குறீங்க?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். சொன்னால் நீளம். அதனால் எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சைக்கு மேல் படிக்காதவன். எழுத்துப் பிழை இருந்தால் உம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது பொத்துவில். எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு ஓடினால் மூச்சு வாங்காது, அவ்வளவு கிட்ட. என் வாப்பா கரைவலைத் தோணியில் போனவர். வலையை ஏற்றிக்கொண்டு தோணி அலையைத் தாண்ட வேண்டும். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வரும், பிறகு கொஞ்ச நேரம் கடல் சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில்தான் தோணியைத் தள்ள வேண்டும். பள்ளி இல்லாத நாட்களில் நானும் தோணியில் தொற்றிக்கொள்வேன். ஒரு அலைக்குப் பின்னால் வருகிற அடுத்த அலையைப் பார்த்துச் சொல்வது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. பிழையாகச் சொன்னால் எல்லோரும் நனைவார்கள், எனக்கு ஏச்சு விழும். ஆகவே சீக்கிரம் பழகிவிட்டேன்.

பக்கத்து அறுகம்பேயில் வெள்ளைக்காரர்கள் அதே அலையில் பலகை போட்டுச் சறுக்குவார்கள். நாங்கள் தப்பி ஓடுகிற அலைக்காக இவர்கள் தவம் கிடக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

பள்ளியை விட்ட பிறகு என் மச்சான் ஒருவரின் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், அவ்வளவுதான் வேலை. ஒருநாள் ஒரு கல்யாணம் மத்தியானத்தோடு முடிந்தது. கெமரா கையில் இருந்தது, கார்டில் இடமும் இருந்தது. நேரே கடற்கரைக்குப் போய் அலைச்சறுக்குக்காரர்களை மளமளவென்று எடுத்துத் தள்ளினேன். கார்டிலிருந்து அவற்றை அழிக்க மறந்துபோனேன்.

மறுநாள் பெண் வீட்டார் பத்துப் பேர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கணினியில் படம் பார்க்கிறார்கள். பெண் வந்தார், மாப்பிள்ளை வந்தார், பிரியாணி சஹன் தட்டு வந்தது. அடுத்து சட்டையில்லாத ஒரு வெள்ளைக்காரர் அலைக்குமேல் கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"இவரு எந்தப் பக்கத்து ஆள்?" என்று பெண்ணின் சாச்சா கேட்டார்.

"மாப்பிள்ளப் பக்கமா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

அவர்கள் போன பிறகு மச்சான் என்னைப் பிடித்துக்கொண்டார். "கல்யாண வீட்டுக் கார்ட்ல உனக்கென்னடா கடல் வேல?" நல்ல ஏச்சு. ஆனால் ஏசி முடித்ததும் அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தார். "இது நல்லாத்தான் இரிக்கி" என்றார். அடுத்த கிழமையே அதைப் பெரிதாக அச்சடித்து ஸ்டுடியோக் கண்ணாடியில் ஒட்டினார். படத்தில் இருந்தவரே வந்து கேட்டு வாங்கிப் போனார். அப்படித்தான் தொடங்கியது.

கரையில் நின்று எடுத்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். நீருக்குள் நீந்திப்போய் எடுக்க வேண்டும் என்றால் கெமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். ஊருக்குத் திரும்பப் புறப்பட்ட ஒரு ஆஸ்திரேலியரிடம் பாவித்த பெட்டி ஒன்று கிடைத்தது. பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா, நீங்கள் தொடக்கூடாது என்று நான் கத்துவேனே, அதுதான் தண்ணீரைத் தடுப்பது. அதற்கென்று தனியாக ஒரு கிரீஸ் பூச வேண்டும். அவர் தந்த குட்டிக் குழாய் கிரீஸ் முடிந்ததும் நான் தேங்காய் எண்ணெய் பூசினேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் தலைக்கும் அதுதான், சைக்கிள் செயினுக்கும் அதுதான், கீறிய முழங்காலுக்கும் அதுதான். பெட்டிக்கும் அதுவே என்று நினைத்தேன். மூன்று சீசன் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை.

பிறகு உங்கள் உம்மாவைக் கட்டினேன். எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெண் வீடு அலுவிகாரையில். கடற்காரன் மலைக்கு வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான்.

உம்மாவின் வாப்பாவுக்கு, அதாவது என் மாமாவுக்கு, தம்புள்ளையில் மரக்கறிக் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு அடுத்த கிழமையே தொடங்கிவிட்டார்.

"மருமகன், அலை வரும், போகும். போஞ்சி அப்படியில்ல. வந்தா மூட்டையில நிக்கும். கடையில உங்களுக்கு ஒரு கதிர போட்டு வச்சிருக்கேன்."

நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கோ அந்தக் கதிரையில் ஒருமுறை உட்கார்ந்தால் பிறகு எழும்ப மாட்டேன் என்ற பயம். அந்த ஜனவரியில் சறுக்குப் பலகை செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பனி என்னைக் கூப்பிட்டது. வெலிகமவில் மூன்று நாள், அவர்களுடைய வீராங்கனை சறுக்குவதை நீருக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். பிடித்துப்போனால் தொடர்ந்து வேலை. எனக்கு வந்த முதல் பெரிய அழைப்பு அது. மாமாவிடம் வாக்குக் கொடுத்தேன். "இது சரிவந்தா இதுதான் என்ட தொழில். சரிவராட்டி வந்து கதிரையில குந்துறேன்."

புறப்பட்ட அன்று காலையில் நல்ல குளிர். எண்ணெய்ப் போத்தல் மெழுகு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. பொத்துவில் வெயிலில் எண்ணெய் உறைந்து நான் கண்டதே இல்லை. நல்லதாய்ப் போயிற்று, கிரீஸ் மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, விரலால் வழித்து வளையம் முழுக்க அப்பினேன். பஸ்ஸில் தூசி போகக்கூடாது என்று கெமராவை உள்ளே வைத்து அப்போதே மூடியும் விட்டேன்.

வெலிகம வெயிலில் அந்த எண்ணெய்க் கட்டியெல்லாம் உருகி ஒழுகிவிட்டது. கட்டி இருந்த இடத்தில் இடைவெளி. முதல் நாள், கடலில் இறங்கிக் கால்மணி நேரம் இருக்கும். பெட்டிக் கண்ணாடி மங்கியது. பெட்டியை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே குளக் குளக் என்றது.

கரையில் இருக்கும்போது உங்கள் உம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எப்படிப் போகுது?"

"கெமராக்குள்ள தண்ணி போயிட்டு. வேற கெமராவும் இல்ல. உங்க வாப்பாக்கு சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் உம்மா. "ஆனா போன் ஸ்பீக்கர்ல கெடக்கு. அவரு பக்கத்துலதான் இருக்காரு."

மாமாவின் குரல் வந்தது. "பரவால்ல மருமகன். கடை லொறி வியாழக்கிழமை காலைல தம்புள்ளைக்குப் போகுது. கதிரய தொடச்சு வைக்கச் சொல்றேன்."

வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்த வீராங்கனையிடம் போய் உள்ளதைச் சொன்னேன், எண்ணெய் விஷயம் உட்பட. அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மணலில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நாளைக்கு எதால் எடுப்பீர்கள்?" என்று கேட்டார்.

அங்கே அலைச்சறுக்கு பழக்கும் ஒரு சிங்களச் சகோதரரிடம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கெமரா இருந்தது, தண்ணீருக்குள் போகக்கூடியது. "கொண்டு போ மல்லி, ஆனா இதுல தூரத்து ஆள் எறும்பு மாதிரித்தான் விழும்" என்று என்னைத் தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கொடுத்தார். உண்மைதான். அதில் ஒரு முகம் முகமாகத் தெரிய வேண்டும் என்றால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். அலை உடைகிற இடத்திலேயே, பலகை வருகிற வழியிலேயே. கொஞ்சம் பிசகினால் பலகை என் மண்டையில்.

மறுநாள் காலையில் நீந்திப் போனேன். பெட்டி இல்லை, பாரம் இல்லை. பின்னால் வரும் அலையைப் பார்த்தேன், தோணியில் இருந்து பார்த்த அதே மாதிரி. முதல் அலை வேண்டாம், இரண்டாவது வேண்டாம். மூன்றாவது அலைக்கு முன்னால் அடி மணல் இழுபட்டுத் தண்ணீர் பழுப்பாகும். அந்தப் பழுப்புக்கு ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த அகலம், இந்தப் பக்கம் நின்றேன். வீராங்கனை வந்தார். பலகையின் நுனி என் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் போயிற்று. நான் அழுத்தினேன், உடனே முங்கினேன்.

இரண்டு நாளும் அப்படியே. எடுத்ததில் பாதி வெறும் நுரை. ஒன்றில் என் பெருவிரல். ஆனால் ஒன்றில் அவருடைய முகம், பின்னால் கண்ணாடி மாதிரி வளைந்த அலை, பலகையில் தெறிக்கிற வெயில். அவர் அந்தச் சின்னத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார். "இவ்வளவு கிட்ட யாரும் வந்ததில்லை" என்றார். "அடுத்த சீசனில் அறுகம்பேக்கு வருகிறோம். நீங்கள்தான். ஆனால் எண்ணெய் வேண்டாம்."

வியாழக்கிழமை லொறி நான் இல்லாமல் தம்புள்ளைக்குப் போனது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மாமாவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள விழல்லயா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல மாமா."

"அப்ப சரி" என்றார். கதிரையைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை.

இப்போது தெரிந்ததா? வெறும் பெட்டிக்குள் ஒரு காய்ந்த டிஷ்யூ தாளை வைத்து, மூடி, தொட்டியில் அமுக்கிப் பிடிக்கிறோம். எடுத்துத் திறந்து தாள் காய்ந்திருந்தால்தான் நான் பஸ் ஏறுவேன். அடுத்த முறை கையை எடுக்காமல் நன்றாக அமுக்குங்கள், போன முறை மூத்தவர் நடுவில் விளையாடப் போய்விட்டார். அந்தக் கதிரையில் இப்போது பெரிய வெங்காய மூட்டை ஒன்று இருக்கிறது. தம்புள்ளைக்குப் போகும்போது பாருங்கள்.