ஓடாத காரின் பெல்ட்

எங்கள் கார் ஊரான இறுப்பிட்டியை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. "எஞ்சினுக்குள்ளை வால்வுகளைச் சுத்துற ரைமிங் பெல்ட்டுக்கு வயசு போட்டுது, மாத்துங்கோ அக்கா" என்றார் மெக்கானிக். "ஓடாத காருக்கு என்னத்துக்கு?" என்று சிரித்தேன்.

வேலணைப் பக்கம் போகும் பாலத்தில் அந்த பெல்ட் அறுந்தது. எஞ்சின் அலறி நின்றது. பின்னால் வந்த வான் இடித்து, கண்ணாடி சிதறியது. வான்காரன் பாய்ந்து வந்து, ஸ்டியரிங் பிடித்திருந்த என்னைப் பாராமல், பக்கத்தில் இருந்த என் கணவரை வெளியே இழுத்து, "நடு றோட்டிலை பிறேக் அடிக்கிறியோடா?" என்று மூக்கிலேயே குத்தினான். இரத்தம் கொட்டியது.

"கார் ஓடினது நான்!" என்று கத்தினேன். அதற்குள் இரண்டாவது குத்தும் விழுந்துவிட்டது.

"பெல்ட் அறுந்ததாலை பிஸ்டன் வால்வுகளை அடிச்சு வளைச்சுப்போட்டுது" என்றார் எஞ்சினைத் திறந்து பார்த்த மெக்கானிக்.

இப்போது பெல்ட் மாற்ற, ஓடிய கிலோமீற்றரோடு கழிந்த வருடத்தையும் பார்க்கிறேன். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் ரென்சனரையும், அதே பெல்ட் சுற்றும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்தே மாற்றுகிறேன். எஞ்சின் திருந்திவிட்டது. இவரின் மூக்குத்தான் இன்னும் கோணல்.