தேயிலைத் தீயல்

தீயலில் தேயிலைத் தண்ணீரை ஊற்றிய மடையன் கன்னியாகுமரி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனைவிக்கு மணிக்கட்டு முறிந்து கையில் மாவுக்கட்டு. "எம் மோளுக்கு ஆரு சோறு பொங்கிக் குடுப்பா?" என்று கேட்டபடி மாமியார் திருவட்டாறிலிருந்து வந்துவிட்டார். நானும் ஒரு ஆள்தான் என்று அவரை நம்பவைக்க, சின்ன வெங்காயக் குழம்பான உள்ளித்தீயல் வைக்கக் கிளம்பினேன்.

தீயலுக்குத் தேங்காயை நன்றாகக் கறுக்க வறுக்க வேண்டும். எனக்கோ கரிந்துவிடுமோ என்று பயம். சிவந்ததுமே இறக்கி அரைத்துவிட்டேன். குழம்பு பழுத்த பப்பாளி நிறத்தில் கொதித்தது. பக்கத்து அடுப்பில் பாலில்லாத தேயிலை. கொண்டைக்கடலை கறுக்கத் தேயிலை போடுவார்கள் என்று செல்போனில் பார்த்த ஞானம் கைகொடுக்க, ஒரு தம்ளர் ஊற்றினேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நெறம் எங்கம்மை வச்சது மாதிரியில்லா இருக்கு."

"பின்னே?" என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

மாமியார் ஒரு வாய் சாப்பிட்டார். நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, பாவம், இன்னொரு கரண்டியும் ஊற்றிக்கொண்டார்.

"எப்படி இருக்கு மாமி?" என்றேன்.

"சீனி காணாது, மக்கா."