கையைக் கட்டச் சொல்பவர்

அவரைக் 'கைகட்டி' என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். யார் முன்னாலும் கைகட்டி நின்றவரல்ல. மற்றவர்களைக் கட்டச் சொல்பவர். தடம் புரண்ட ரயில் வண்டிகளைத் தூக்கும் கிரேனின் ஓட்டுநர். அந்தத் தொழிலில் தூக்கச் சொல்லும் உரிமை சைகைக்காரர் ஒருவருக்குத்தான். நிறுத்தச் சொல்லும் உரிமையோ அங்கே நிற்கும் எவருக்கும் உண்டு. யார் கை உயர்ந்தாலும் கிரேன் நிற்க வேண்டும். இந்த விதிக்காகக் கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியவரும் அவரே. அதன் பிறகு ஈ ஓட்டுபவன், தலை சொறிபவன் எல்லோரும் கிரேனை நிறுத்தினார்கள். ஆகவே, தூக்கும்போது எல்லோரும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்று தாமே இன்னொரு விதியைப் போட்டார்.

அன்று ஒரு பெட்ரோல் தொட்டி வண்டி தண்டவாளத்தின் ஓரம் கவிழ்ந்து கிடந்தது. பெட்ரோலை வேறு வண்டிக்கு மாற்றியாகிவிட்டது. ஆவி மட்டும் உள்ளே மிச்சம். நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். எங்காவது உரசி ஒரு பொறி பறந்தால் போதும். சங்கிலியை ஒதுக்கிவிட்டு அகலமான துணிப்பட்டைகளைப் போட்டிருந்தார்கள்.

மதியம் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. கூட வருவதாகச் சொல்லியிருந்தார். "நீங்க வராட்டி என்ன, தம்பி இருக்கான்" என்று காலையிலேயே அவள் சொன்னதுதான் அவரை உறுத்தியது. மச்சினன் ஒருமுறை உதவினால் ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான்.

மேலிடத்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பொறிக்குப் பயந்து போன்களையெல்லாம் வரும்போதே வாங்கி வைத்துவிட்டார்கள். கைகளை வாங்கி வைக்க முடியவில்லை. தொட்டி முழங்கால் உயரம் எழும்பும். பக்கத்திலிருப்பவருக்கு எதையோ விளக்க அதிகாரியின் கை எழும்பும். கிரேன் நிற்கும், தொட்டி ஆடும், ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஏன் இவ்வளவு தாமதம் என்று அதிகாரியே சத்தம் போடுவார்.

கடைசியில் தொட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுநர் இறங்கி வந்தார்.

"சார், கொஞ்சம் கையைக் கட்டிக்குங்க."

"உங்க முன்னாடி நான் கையைக் கட்டணுமா?"

"என் முன்னாடி வேண்டாம் சார். தொட்டி முன்னாடி கட்டுங்க."

அதிகாரி கட்டவில்லை. கால்சட்டைப் பைகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு, கோபமாக மறுபக்கத்துக்குப் போய்த் தள்ளி நின்றார்.

தொட்டி இடுப்பளவு உயர்ந்தபோது அதிகாரியின் ஒரு கை பையிலிருந்து வெளியே வந்து மேலே எழும்பியது. ஓட்டுநர் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். வாய்க்குள் முணுமுணுத்ததை அச்சில் போட முடியாது. சைகைக்காரர் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். பார்த்ததும் இறக்கச் சொன்னார். மறுபக்கத்தில் பட்டை நழுவி வால்வின் மேல் ஏறத் தொடங்கியிருந்தது. கையைக் கட்டி நின்ற ஒருவர்கூட அந்தப் பக்கம் இல்லை, அதிகாரி மட்டும்தான் இருந்தார்.

திட்ட வேண்டியவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைய எரிச்சல்களில் அதுதான் பெரியது. பட்டையை மாற்றிப் போட்டு, தொட்டியைத் தண்டவாளத்தில் நிறுத்துவதற்குள் மதியம் போயே போய்விட்டது.

வீட்டில் மனைவி ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மச்சினன், அறுவையைச் செய்ததே தான்தான் என்பதுபோல. ஓட்டுநர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பட்டை, வால்வு, அதிகாரி என்று சொல்லச் சொல்லக் கைகள் தொட்டியைவிட உயரமாக எழும்பின.

மனைவி இன்னொரு கண்ணால் பார்த்தாள்.

"கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க."

மச்சினன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டிக்கொண்டார்.