தனி அடுப்பு

ஒன்பது வயதில் எனக்குச் சுவரைக் கரியாக்கும் வேலை கிடைத்தது. எதையும் பாதியில் விடுகிறவள் என்று பேர் வாங்கியிருந்த நான், அதை மட்டும் ஒழுங்காகச் செய்து முடித்தேன்.

அரியலூரை ஒட்டிய எங்கள் ஊரில், இரண்டே அறை உள்ள வீட்டில் அப்பா குடும்பமும் சித்தப்பா குடும்பமுமாகப் பதினோரு பேர் இருந்தோம். எல்லோருக்கும் ஒரே குண்டானில் சோறு. டவுன் வளர்ந்து எங்கள் பருத்திக் காட்டுக்கு அடுத்த காடு வரை வந்துவிட்டிருந்தது. அங்கே மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். நம் காட்டை விற்பதில்லை என்று அப்பா தினமும் சொல்வார். சித்தப்பா அந்த மஞ்சள் கற்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சித்தப்பாவுக்குத் தனி ரேஷன் கார்டு வேண்டுமாம். தனியாகச் சமைத்தால்தான் தருவார்களாம். கொல்லையில் இருந்த தகரக் கொட்டகையில் சித்தி ஒரு மண் அடுப்பு போட்டாள்.

"புது அடுப்புன்னு, பாக்க வர்ற ஆபீசர் கண்டுபுடிச்சிருவாரு. தெனம் பருத்தி மார எரிச்சி, செவுத்துல கரி புடிக்க வையி," என்று என்னிடம் சொன்னாள்.

காய்ந்த பருத்திச் செடிகளை நாலு நாள் கண் எரிய எரிய எரித்தேன். பொய் சொல்லி கார்டு வாங்கினால் போலீஸ் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத் தோழி சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் பெரியவர் என்று அப்பாவை ஜீப்பில் ஏற்றுவது போலவே நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆபீசர் வந்தார். சுவரைத் தடவி விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ஒன் சித்தி எங்க சோறாக்குறாங்க?"

அடுப்பைக் காட்டினேன். "இங்கதான் சார். தனியாத்தான்."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். ஜீப் எதுவும் வரவில்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில், பொழுது சாய்ந்ததும் சித்தி பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடக் கொட்டகைக்கு ஓடினேன். அங்கே உலை கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னும் எதுக்கு சித்தி? அவருதான் போயிட்டாரே," என்றேன்.

சித்தி நிமிரவில்லை. "நீ போயி ஒங்க அம்மாட்ட சாப்புடு, போ."

அடுத்த வருஷம் எங்கள் காட்டில் பாதிக்கு மஞ்சள் கல் வந்தது. இப்போது அங்கே வரிசையாக மாடி வீடுகள்.

ஆபீசர் வருவதற்கு முன்பே, அன்று காலையிலேயே, அம்மா பெரிய குண்டானைக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் சொன்னதைப் பொய் என்று நினைத்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.