நிலுவை குறையாத சனிக்கிழமைகள்

எங்கள் பனியன் கம்பெனியில் சனிக்கிழமை மாலைதான் சம்பளம். அதைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். கூலியில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வேலையை விட்டுப் போகும்போது கொடுப்பதற்கு ஒரு ஓய்வுநிதி உண்டு. பண்டு என்போம். அவசரத்துக்கு அதிலேயே கடன் வாங்கலாம். வாராவாரம் சம்பளத்தில் பிடித்து அதிலேயே திரும்பக் கட்டுவோம். யார் எவ்வளவு கட்டினார்கள், நிலுவை எவ்வளவு என்பதைச் சாப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

செக்கிங் பிரிவில் ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நாள் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டை தேடித் தேடிக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. கணவனின் ஆபரேஷனுக்குப் பண்டில் கடன் வாங்கியிருந்தாள். கவருக்குள் வைக்கும் சம்பளச் சீட்டில் நிலுவை இருந்தாலும் அந்தப் பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது; கவர் வாங்கும்போதெல்லாம் என் ஜன்னலில் தலையை நீட்டுவாள்.

“எக்கா, கடன் எவ்வளவு கொறஞ்சிருக்கு? அது முடிஞ்சா பண்டுப் பணத்த வாங்கிட்டு ஊருக்குப் போயிருவேன். கண்ணு தெரியும்போதே போணும்லா.”

“போ கண்ணு, உன்னைய ஆரு புடிச்சு வெச்சிருக்கறா” என்று கேலி செய்து அனுப்புவேன். ஒரு சனிக்கிழமை, சரியாகவே சொல்லிவிடலாமென்று திரையைப் பார்த்தேன். போன வாரம் இருந்த அதே நிலுவை. அதற்கு முந்தின வாரமும் அதே.

நம்பர் குழப்பம் என்றுதான் முதலில் நினைத்தேன். இங்கே பாதிப் பேர் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் பொங்கல் கழித்துத்தான் வருவார்கள். திரும்பி வருகிறவர்களுக்குப் புது ஆள் மாதிரி புது நம்பர் போட்டுவிடுவது வழக்கம். கடன் பழைய நம்பரில் இருக்கும், பிடித்தம் புது நம்பரில் ஓடும். இவளும் அப்படி வந்தவள்தான். இரண்டையும் சேர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரமும் நிலுவை அசையவில்லை. அப்போதுதான், ஊருக்கே போகாதவர்களின் கணக்கையும் திறந்தேன். கட்டிங் மாஸ்டர், டெய்லர், பேக்கிங்காரர்கள், கடன் வாங்கியவர்களில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் நிலுவை அப்படியே நின்றுபோயிருந்தது. பண்டின் பேங்க் கணக்கில் பணம் கட்டியதாக மேனேஜர் பதிவு செய்தால்தான் நிலுவை குறையும். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பணம் அங்கே போகவில்லை.

கொஞ்ச நாளாகவே கம்பெனி சரியில்லை. நூல் லாரி வருவது நின்று, பாக்கி கேட்டு நூல்காரர் வாசலில் வந்து உட்கார்கிறார். மாடியில் ஒரு வரிசை மெஷினுக்கு உறை போட்டுவிட்டார்கள். முதலாளியின் கார் பின்வாசல் வழியாக வருகிறது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்; சேர்த்து யோசிக்கத்தான் தைரியம் வரவில்லை.

மேனேஜர் சேவூர்க்காரர். யாரையும் அதட்டிப் பேசியே அறியாதவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

“வெளிநாட்டுப் பார்ட்டிகிட்ட இருந்து பணம் வந்தா கட்டிப்போடலாமுங்க. அது வரைக்கும் சம்பளச் சீட்டுல அந்த நிலுவைக் கட்டத்த மட்டும் எடுத்துடுங்க.”

“இதுக்கு முன்ன சேர்ந்த பணமெல்லாம் பண்டுல இருக்குதுங்களா?”

“அதைய எதுக்குங்க இப்பக் கேக்கறீங்க?” என்று சிரித்தார். கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நான் கட்டத்தை எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் தலையை நீட்டியதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிடித்த பணம் பண்டுக்குப் போகவில்லை, சேர்ந்திருந்த பணம் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கவரைப் பிரித்து, நோட்டுகளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இந்த வாரமும் பிடிச்சிருக்கியளாக்கா?”

பிடித்திருந்தேன்.