விரல் கேட்காத பக்கம்

சென்ற செவ்வாய்க்கிழமை, நஞ்சன்கூடு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் போனைத் திறந்தேன். ஒரு எஸ்.எம்.எஸ். - 'உங்கள் மெயில் கணக்கு இன்று மூடப்படும். உடனே லாகின் செய்யவும்.'

பகீரென்றது. அந்த மெயிலில்தான் அம்மா பாடிய கீர்த்தனைகள் இருக்கின்றன. அம்மா போன பிறகு எங்களுக்கு மிஞ்சிய குரல் அது ஒன்றுதான். வேறு காப்பி? எடுத்து வைத்தால்தானே!

லிங்க்கைத் தட்டினேன். தினமும் பார்க்கிற அதே பக்கம், அதே நிறம். பாஸ்வேர்டு கேட்டது.

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு - பைபிளின் சங்கீதம் இருபத்திமூன்று. மறந்தால் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாமே! "நம்ம சபையில பாதிப் பேருக்கு அதுதான் இருக்கும்" என்று திட்டி, நர்ஸாக வேலை பார்க்கும் என் அண்ணி போன மாதம் என் போனைப் பிடுங்கினார். அதை எடுத்துவிட்டு பாஸ்கீ வைத்தார். விரலை வைத்தால் திறக்கும். வாயால் சொல்ல ஒன்றுமில்லை. 'போன் தொலைந்தால்?' என்று மல்லுக்கு நின்றேன். வீட்டு டேப்லெட்டிலும் ஒன்று வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

பஸ்ஸிலிருந்தே அவரை அழைத்தேன்.

"அண்ணி, அவசரம்! மெயிலை மூடப் போறாங்களாம். புது பாஸ்வேர்டு என்ன?"

"எதுக்கு? விரல் கேக்கலையா?"

"இல்லையே..."

"அய்யோ, பேடா பியூலா, வேண்டாம்! அது நம்ம மெயிலே இல்ல, டூப்ளிகேட். மூடு மொதல்ல! பாஸ்கீ ஒரிஜினல் பக்கத்துல மட்டும்தான் வேலை செய்யும்."

மூடினேன்.

பாஸ்வேர்டில் ஒரு வசதி உண்டு - அவசரத்துக்கு அடுத்தவரிடம் சொல்லலாம். ஆபத்தும் அதேதான். இந்தக் காலத்துத் திருடன் பூட்டை எங்கே உடைக்கிறான்? நம்மிடமே சாவியைக் கேட்கிறான். நாமும் எடுத்து நீட்டுகிறோம்... அன்று நீட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்து உண்மையான மெயிலைத் திறந்தேன். விரல் கேட்டது. வைத்தேன். அம்மா பத்திரமாக இருந்தார்.

பாட்டை ஓடவிட்டு, நன்றி சொல்ல அண்ணியை அழைத்தேன்.

"நீங்க மட்டும் இல்லன்னா அண்ணி..."

"சும்னிரு பியூலா, அத்தை பாடறாங்க. போனைக் கொஞ்சம் கிட்ட வை."

மாமியார் குரலைக் கேட்க மருமகள் என் வாயை அடைக்கிறார் - இதற்கும் சேர்த்துத்தான் ஸ்தோத்திரம்!